ஏழு கார்பைன்களும் ஒரு ஜன்னலும்

மார்ச் 18, திங்கள்

தேர்தல் தேதி அறிவித்து முழுதாக இரண்டு நாள் ஆகவில்லை, காவல் நிலையத்திலிருந்து போன் வந்துவிட்டது. வீட்டில் உள்ள துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமாம். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திருப்பித் தருவார்களாம். இதுவரை எந்தத் தேர்தலுக்கும் கேட்டதில்லை. இப்போது வந்திருப்பவர் புது இன்ஸ்பெக்டர்.

இவர் போனிலேயே பாடம் எடுத்தார். (இவர் என்று நான் எழுதினால் அது என் கணவர் சற்குணம். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் வேறு மாதிரி எழுதிப் பழகவில்லை.)

"சார், அது ஒண்ணும் சுடாதுங்க. எல்லாம் நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின கார்பைன். அதுக்கு ஏத்த குண்டே இப்ப யாரும் செய்யறதில்ல. சுடாதுன்னு சர்டிபிகேட்டே வச்சிருக்கேன்."

"அப்படியா சார். சர்டிபிகேட்டையும் சேர்த்து எடுத்துட்டு வந்துருங்க."

கார்பைன் என்பது நீளம் குறைந்த துப்பாக்கி. குதிரைப்படைக்காரன் குதிரைமேல் இருந்தபடி தூக்கிச் சுட வசதியாக அப்படிச் செய்தார்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் ஆசைப்பட்டதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தபோது எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ச் சேர்க்க ஆரம்பித்தவர், ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இப்போது முன்னறைச் சுவரில் ஏழு. வெளிச்சம் பட்டால் மரக்கட்டை வெளுத்துவிடும் என்று அந்த அறையின் ஒரே ஜன்னலையும் பலகை வைத்து அடைத்திருக்கிறார். குன்னூரில் பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல் உள்ள வீட்டில் இருந்துகொண்டு பகலில் லைட் போடும் ஒரே குடும்பம் நாங்கள்தான்.

மார்ச் 21, வியாழன்

ஏழையும் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றையும் தனித்தனிப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் எடுத்துப் போனோம். ஆட்டோக்காரர், "என்ன சார், கம்பளி வியாபாரமா?" என்று கேட்டார். இவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னதும் ஆட்டோ மெதுவாகப் போக ஆரம்பித்தது.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு பெள்ளிராஜ்தான் வாங்கிக்கொண்டார். எல்லோரும் அவரை ரைட்டர் என்கிறார்கள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டு எழுதினார்.

"இது எத்தனை ரவுண்டு சார் சுடும்?"

"ஒண்ணுதான். சுட்டதும் இந்த மூடியைப் பக்கவாட்டுல திறந்து, காலித் தோட்டாவை எடுத்துட்டு, புதுசு ஒண்ணு வச்சு, மூடி, மறுபடியும் சுடணும். இதுக்குப் பேரு ஸ்னைடர்."

"அதுக்குள்ள எதிரி வந்து டீ குடிச்சிட்டுப் போயிருவானே."

நான் சிரித்துவிட்டேன். இவருக்கு அது பிடிக்கவில்லை.

பின்பக்கத்து அறையில், வாக்காளர்களுக்குக் கொடுக்க யாரோ கொண்டுபோனபோது பிடிபட்ட பிரஷர் குக்கர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றுக்கும் சுவருக்கும் நடுவில் ஏழையும் நிறுத்தினார்கள். அந்தச் சுவரில் ஈரம் கோத்திருந்தது. இவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மார்ச் 22, வெள்ளி

பலகையை எடுத்தேன். காலையில் முன்னறைக்குள் வெயில் வந்தது. இத்தனை வருஷம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது, பாவம்.

மார்ச் 26, செவ்வாய்

தையல் மெஷினை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டேன். சர்ச் பாடகர் குழுவில் என்னோடு பாடும் பெண்களை வரச்சொன்னேன். ஐந்து பேர் நின்று பாட இடம் இருக்கிறது. ஆல்ட்டோ பாடும் மெர்சி, "இப்படி ஒரு ரூமை வச்சுக்கிட்டா நம்ம எல்லாரும் சர்ச் பின்னாடி வெஸ்ட்ரி ரூம்ல நெருக்கியடிச்சுக்கிட்டு நின்னோம்?" என்றாள். ஈஸ்டர் பாட்டு முழுவதும் தப்பில்லாமல் வந்தது.

துடைக்க எதுவும் இல்லாததால் இவர் சமையலறைக்குக் குடிவந்துவிட்டார். மசாலா டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். அதோடு நிற்காமல் தேங்காய்த் துருவிக்கும் விட்டார். இன்றைய சட்னியில் மெஷின் வாசனை.

மார்ச் 30, சனி

நேற்றிலிருந்து மழை. மார்ச்சில் இப்படிப் பெய்யாது.

"ஸ்டேஷனுக்குப் போய் ஒரு தடவை துடைச்சிட்டு வந்துருங்களேன்," என்றேன்.

"பார்த்தா விட்டுட்டு வர மனசு வராது ஹில்டா. வேண்டாம்."

காய் வாங்கப் போகிற வழிதானே என்று நானே நுழைந்தேன். தையல் மெஷின் எண்ணெயும் பழைய பனியன் துணியும் தற்செயலாகப் பையில் இருந்தன.

ரைட்டர் தலையைச் சொறிந்தார். "இப்படி வந்து துடைக்கறதுக்கு ரூல் இருக்கான்னு தெரியலம்மா."

"கூடாதுன்னு ரூல் இருக்கா?"

"அதுவும் தெரியல."

"தெரியற வரைக்கும் துடைக்கறேன்."

இரண்டாவது ஸ்னைடரின் மூடியில் சிவப்பாகப் பூக்க ஆரம்பித்திருந்தது. தேய்த்து எடுத்தேன். மார்ட்டினி என்கிற இன்னொரு ரகத்தில் அடியில் உள்ள பிடியைக் கீழே தள்ளினால் மேலே இரும்புக் கட்டை 'டக்' என்று இறங்க வேண்டும். இறங்கியது. சத்தம் சரியாக இருந்தது. அது சரியாக இருந்தால் எனக்கு என்ன, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். துருப்பிடித்தால் வாழ்நாள் முழுக்க என்னிடம்தானே புலம்புவார்.

காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

மறுபடியும் ஸ்டேஷன். எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது ரைட்டர் சாதாரணமாகச் சொன்னார்:

"சார் எல்லாத்தையும் வித்துடப் போறாராமேம்மா. அந்த ரிசார்ட்காரர் கிரிதரன் நேத்து சாரோட லெட்டரை எடுத்துட்டு வந்து ஒவ்வொண்ணா பார்த்துட்டுப் போனாரு. தேர்தல் முடிஞ்சதும் இங்கேருந்தே வேன்ல ஏத்திக்குவாராம். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்ன?" என்றேன்.

தெரியாது. வீட்டுக்கு வந்து இவர் முகத்தைப் பார்த்தேன். இட்லிப் பானையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் போகாதவர் அங்கே லெட்டர் மட்டும் அனுப்பியிருக்கிறார்.

விற்றால் விற்கட்டும். எனக்கு ஜன்னல் மிச்சம்.

ஏப்ரல் 6, சனி

கிரிதரனின் ரிசார்ட்டில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று நினைவில்லை. மெர்சியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாப்பாடு சுமார். வரவேற்பறையில் ஒரு கார்பைனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மேலே லைட் போட்டிருந்தார்கள். கிரிதரன் கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், நல்ல மரியாதை தெரிந்தவர். அவரே வந்து விளக்கினார். "ஒரிஜினல் மார்ட்டினி, மேடம். விக்டோரியா ராணி காலத்துது. இங்க பாருங்க, கிரீடம், அதுக்குக் கீழ வி.ஆர்., வருஷம் கூட இருக்கு."

இருந்தது. 1906 என்று இருந்தது. ராணி இறந்தது 1901-இல். ஐந்து வருஷம் கழித்து எழுந்து வந்து முத்திரை குத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டறைகளில் இப்படி நகல் செய்து தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியும். "அழகா இருக்குங்க" என்றேன்.

"இதைவிட அங்க பாருங்க மேடம்," என்று உள்ளே காட்டினார். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு விளக்கு. தண்டு என்று நான் நினைத்தது ஒரு நாட்டுத் துப்பாக்கி. கட்டையில் ஓட்டை போட்டு ஒயரைக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய், வாயில் பல்பு மாட்டி, அதற்குக் குடை. "இன்னும் ஏழு வரப்போகுது. ஒவ்வொரு காட்டேஜுக்கும் ஒண்ணு."

மெர்சி, "ஏன் ஹில்டா, சாப்பிடாம எழுந்துட்ட?" என்று கேட்டாள். பாயசம் அதிகம் இனிப்பு என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது இவர் கேட்டார்: "அந்த ரூம் உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குல்ல?"

"பின்ன, பிடிக்காம?"

சரி என்று தலையாட்டினார். எதையோ முடிவு செய்த மாதிரி ஒரு தலையாட்டல். விற்பதைப் பற்றிச் சொல்வார் என்று வீடு வரை காத்திருந்தேன். தக்காளி விலையைப் பற்றிப் பேசினார்.

விளக்கு விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், நீ எதற்கு அங்கே போனாய் என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்வது?

ஏப்ரல் 9, செவ்வாய்

பாட்டுப் பயிற்சியின் நடுவில் மெர்சி சொன்னாள். கோத்தகிரியில் அவளுக்குப் பாடம் எடுத்த பியூலா டீச்சர் தோட்டத்துக் குரங்குகளை விரட்ட ஒரு பழைய துப்பாக்கி வைத்திருக்கிறாராம். சுடுவதில்லை, தகரத்தில் அடிப்பதற்கு. "மேல ஒரு இரும்புக் கம்பி படுத்திருக்கும், நுனி சுருண்டு, வால் மாதிரி. அதைப் பிடிச்சுத்தான் தூக்குவாங்க."

நான் சுருதியை விட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து பாட வேண்டியதாயிற்று.

மேலே கம்பி, நுனியில் சுருள். மற்றதற்கெல்லாம் திறக்கும் பிடி அடியிலோ பக்கத்திலோ இருக்கும். மேலே பின்பக்கமாகப் படுத்திருப்பது ஒன்றுக்குத்தான். அதைக் குரங்கு வால் என்றே அழைப்பார்கள். 1860-களில் குதிரைப்படைக்குச் செய்தது. இவர் நான் பார்க்க இருபது வருஷமாகத் தேடுகிறார். ஒரு முறை ஹைதராபாத் வரை போய், வேறு எதையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஏப்ரல் 10, புதன்

நீளமாக எழுத வேண்டிய நாள்.

இவரிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் கோத்தகிரி போனேன். பியூலா டீச்சருக்கு எண்பது வயதிருக்கும். நிமிர்ந்த முதுகு. கேட்டைத் திறக்கும் முன்பே, "நீ யாரு, எந்த வருஷத்து பேட்ச்?" என்று கேட்டார். நான் மாணவி இல்லை, மெர்சியின் தோழி என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அது கோழிக்கூண்டின் மேல் சாய்த்து வைத்திருந்தது.

கட்டையெல்லாம் கோழி எச்சம். குழாய் பழுப்பேறிக் கிடந்தது. நான் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வால் நுனியைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கணம் இறுகி நின்றது, அப்புறம் மெதுவாக எழுந்துகொண்டது. உள்ளே தோட்டா வைக்கும் வாய் திறந்தது. நூற்று அறுபது வருஷம் ஆகியும் இணைப்பில் ஆட்டம் இல்லை. கிரீடமும் வருஷமும் விசைக்குப் பக்கத்துத் தகட்டில் தெளிவாக இருந்தன. ராணி அப்போது உயிரோடுதான் இருந்தார்.

"ஒரு ரிசார்ட்காரன் வந்தான் போன மாசம்," என்றார் டீச்சர். "அவன் நல்லாத்தான் பேசினான். ஆனா டீ குடிக்கமாட்டேன்னுட்டான். வேற என்னமோ டயட்டாம். நான் போட்ட டீயைக் குடிக்காதவனுக்கு எதுக்குக் கொடுக்கணும்?"

நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

"சரி, உனக்கு எதுக்கு இது?"

இவருடைய பிறந்த நாளுக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்த பதில் அது. இவருக்குக் கொடுத்தால் மனது மாறி விற்காமல் இருப்பார், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அது என் மடியில் கிடந்தது. வாலின் சுருளில் என் கட்டைவிரல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எனக்கு வேணும் டீச்சர்," என்றேன்.

"அதான் கேட்கிறேன், எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. எனக்கு வேணும்."

டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பரீட்சைத் தாளைத் திருத்துவது போல ஒரு பார்வை. "இப்பதான் உண்மையைச் சொல்ற. எடுத்துக்கோ. ஆனா குரங்குக்கு வேற ஒண்ணு வாங்கிக் கொடுத்துட்டுப் போ. இதே நீளம், இதே கனம்."

கடைத்தெருவில் கெட்டியான மூங்கில் கழி ஒன்றும் தகர டப்பா ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். தகரத்தில் ஓங்கி அடித்துப் பார்த்துவிட்டு, "சத்தம் இதுல நல்லா வருது," என்றார். அதற்கு மேல் கொடுத்த விலையை இங்கே எழுத மாட்டேன். இந்த டைரியை இவர் என்றாவது படிக்கலாம்.

கார்பைனைச் சால்வையில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வழியில் தேர்தல் பறக்கும் படை பஸ்ஸை நிறுத்தியது. ஓர் அதிகாரி, இரண்டு போலீஸ், ஒரு வீடியோ எடுப்பவர்.

"அம்மா, பணம் ஏதாவது அதிகமா எடுத்துட்டுப் போறீங்களா?"

"பணம் இல்லீங்க. துப்பாக்கிதான் இருக்கு."

வீடியோ எடுப்பவர் இரண்டடி பின்னால் போனார். நான் சால்வையைப் பிரித்து, சுடாது என்றும், எந்த வருஷத்தது என்றும், வால் எதற்கு என்றும், கோழி எச்சம் எப்படி வந்தது என்றும் விளக்கினேன். பாதியில் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. இதே வேகத்தில், இதே குரலில் விளக்கும் ஓர் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

"இப்ப இதை எங்க கொண்டுபோறீங்க?"

"நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு."

அதிகாரி குழம்பிப் போய் ஸ்டேஷனுக்கு போன் போட்டார். ரைட்டர் பெள்ளிராஜின் குரல் எனக்கே கேட்டது. "ஹில்டா அம்மாவா? எண்ணெய் போடுறவங்க. அனுப்பி விடுங்க சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு ஏற்றி அனுப்பினார்கள். ரைட்டர், "யார் பேர்ல எழுதட்டும்மா? சார் பேர்லயா?" என்று கேட்டார்.

"என் பேர்ல."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?" என்றேன், மறுபடியும்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டார். எந்தப் பல் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். விரலில் மை. ஓட்டு எண்ண ஜூன் வரை காத்திருக்க வேண்டுமாம். யார் ஜெயித்தாலும் சரி, கொஞ்சம் சீக்கிரம் ஜெயித்தால் நன்றாக இருக்கும்.

மே 3, வெள்ளி

மழை. ஸ்டேஷனில் குக்கர்களை எல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள், காற்றாடுகிறது. எட்டையும் துடைத்தேன். முதலில் குரங்கு வால். அது ஓரத்தில் இருப்பதால் அப்படி. கோழி எச்சம் சுத்தமாகப் போய்விட்டது. கட்டையில் அடியிலிருந்து வால்நட் மரத்தின் ரேகை வருகிறது. ரைட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

மே 14, செவ்வாய்

இன்று ஒருவழியாகச் சொல்லிவிட்டார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஹில்டா, ஏழையும் கிரிதரனுக்குக் கொடுத்துடலாம்னு பேசி வச்சிருக்கேன். தேர்தல் முடிஞ்சதும்."

"ஏன்?"

"நீ அந்த ரூம்ல உட்கார்ந்து தைக்கும்போது பாடுற. இத்தனை வருஷத்துல நீ வீட்டுக்குள்ள பாடி நான் கேட்டதில்ல. சர்ச்சுல மட்டும்தான் பாடுவன்னு நினைச்சேன்." ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "வெளிச்சத்தை அடைச்சது நான்தானே."

"உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு அப்பளம் எடுக்க எழுந்து போனேன். அப்பளம் பொரிக்கவே இல்லை என்பது சமையலறைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

மே 15, புதன்

இவர் இல்லாத நேரத்தில் முன்னறைச் சுவரை அளந்தேன். சும்மா.

ஜூன் 4, செவ்வாய்

எண்ணிவிட்டார்கள்.

ஜூன் 7, வெள்ளி

ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன் என்றதும் இவருக்கு ஆச்சரியம். நல்ல சட்டை போட்டுக்கொண்டார். கல்யாணமான பெண்ணை வழியனுப்பப் போகிறவர் மாதிரி இருந்தது. கிரிதரனின் வேன் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றது. உள்ளே தெர்மோகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தார். குறை சொல்ல முடியாது, பத்திரமாக எடுத்துப் போகிறவர்தான்.

ரைட்டர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். இவர் ஒன்றைக் கையில் எடுத்தார். குழாயில் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார்.

"துரு இல்லையே," என்றார். "இந்த மழையில எப்படி?"

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"அம்மாதான் சார் வாராவாரம் வந்து எண்ணெய் போட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்களே."

இவர் இன்னொன்றின் குழாயிலும் விரலை ஓட்டினார். அதற்குள் ரைட்டர் எட்டாவதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். வால் மேலே படுத்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் கட்டை தேன் நிறத்தில் இருந்தது.

இவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். கையை நீட்டினார், தொடாமல் இழுத்துக்கொண்டார். "ரைட்டர் சார், இது யாரோடது?" என்று கேட்டார்.

"என்னுது," என்றேன்.

"உன்னுதா?"

"கோத்தகிரியில வாங்கினேன். பல்லு வலின்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னைக்கு."

கிரிதரன் எட்டிப் பார்த்தார். "அட, பியூலா டீச்சர் வீட்டுது. எனக்குக் கொடுக்கமாட்டேன்னுட்டாங்க. மேடம், இதையும் சேர்த்து நானே எடுத்துக்கறேன். வரவேற்பறைக்குப் பிரமாதமா இருக்கும்."

"இதுல எங்க ஓட்டை போடுவீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு மேடம்?"

"பல்புக்கு."

இவர் என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக் கூடத்து விளக்கை, குழாய்க்குள் ஓடும் ஒயரை, காட்டேஜுக்கு ஒன்று என்ற திட்டத்தை. கிரிதரன் மறைக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க சார். சுடாத துப்பாக்கிதானே. சும்மா சுவத்துல தொங்கறதுக்கு, நாலு பேருக்கு வெளிச்சமாவது கொடுக்கட்டும்னு நினைச்சேன்." மனதாரத்தான் சொன்னார்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிரிதரனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உனக்கு அந்த ரூம் வேணும்னுதானே ஹில்டா..."

"நான் கேட்டது ஜன்னலை. துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுங்கன்னு எப்பவாவது சொன்னேனா?"

"சொல்லல. ஆனா ஒரு நாளும் நல்லா இருக்குன்னும் சொல்லலையே."

ஸ்டேஷனில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகார் கொடுக்க வந்த ஓர் அம்மாள் தன் புகாரையே மறந்து எங்களைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். "இடது பக்கத்துல இருக்கற ஸ்னைடர் எல்லாத்தையும்விட நல்லா இருக்கு. நீங்க உங்களுதை விக்கணும்னா வித்துக்கோங்க. இது வீட்டுக்கு வருது. ஆனா ஒத்தையா மாட்டினா நல்லா இருக்காது."

இவர் எழுந்து கிரிதரனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கணும் தம்பி. வாக்குக் கொடுத்துட்டு மாறக் கூடாதுதான். ஆனா வீட்டுல இப்ப பங்காளி ஒருத்தர் கிளம்பிட்டாங்க. அவங்க சம்மதம் இல்லாம விக்க முடியாது."

கிரிதரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற வேனைப் பார்த்தார். அப்புறம், "தெர்மோகோல் பெட்டி சும்மாதான் இருக்கு சார். உங்க வீட்டுலயே இறக்கிட்டுப் போறேன்," என்றார். அந்த 1906-ஐப் பற்றி அவரிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. வேன் கொடுத்த மனிதனின் மனதை அன்றே நோகடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

எட்டும் சுவரில் ஏறிவிட்டன. ஜன்னலை அடைக்காத மாதிரி, வெயில் நேராகப் படாத எதிர்ச் சுவரில். நான் அளந்து வைத்திருந்தது உதவியது. சாயங்காலம் பாடகர் குழு வந்தது. மெர்சி கார்பைன்களைப் பார்த்துவிட்டு, தப்பாகப் பாடினால் சுட்டுவிடுவீர்களா என்று கேட்டாள். இவர் அவளுக்கு ஸ்னைடரின் மூடி எப்படித் திறக்கும் என்று விளக்க ஆரம்பித்தார். பயிற்சி தாமதமாகத்தான் தொடங்கியது.

எல்லோரும் போன பிறகு, "ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

"கையைக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தார். வாலைத் தூக்கினார், மூடினார், மறுபடி தூக்கினார். முகம் போன போக்கைப் பார்க்க நன்றாக இருந்தது. "ஹில்டா, ரெண்டு ஸ்னைடர் தர்றேன். மாத்திக்கலாமா?"

"மாட்டேன்."

"ரெண்டு ஸ்னைடர், ஒரு மார்ட்டினி."

"வச்சிட்டுப் போய் படுங்க."

ஜூன் 20, வியாழன்

பாலக்காட்டுக்காரர் ஒருவர் கோயம்புத்தூரில் தன் அண்ணன் வீட்டில் ஒரு பழைய பேஜட் கார்பைன் வைத்திருப்பதாகவும், இந்த வாரம் யாருக்காவது கொடுத்துவிடப் போவதாகவும் ரைட்டர் பெள்ளிராஜ் எனக்கு போன் செய்து சொன்னார். பேஜட் என்பது சிக்கிமுக்கிக் கல்லால் மருந்தைப் பற்ற வைக்கும் ரகம், மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. மருந்தைக் குழாய்க்குள் இடிக்கும் திணிகோலைக் கழன்று விழாதபடி கம்பியில் மாட்டியிருப்பதுதான் அதில் அழகு. ரவிக்கைக்கு லேஸ் வாங்கக் கோயம்புத்தூர் போக வேண்டியிருக்கிறது என்று இவரிடம் சொன்னேன்.

"அட, எனக்கும் அங்க கண் டாக்டரைப் பார்க்கணும்," என்றார்.

ஒரே பஸ்ஸில் போனோம். மலை இறங்கியதும் மேட்டுப்பாளையத்தில் இவர் எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். கோயம்புத்தூர் வந்ததும் லேஸ் கடை இருக்கும் நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை. கண் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இவரும் இறங்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரே இடத்தில் இறங்கினோம்.

"ரைட்டர் உனக்கும் போன் பண்ணாரா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்ப பண்ணாரு?"

"அதை எதுக்குக் கேக்கற?"

தெரு முனை வந்தது. நாலாவது வீடு, பச்சைக் கேட் என்று ரைட்டர் எனக்குச் சொல்லியிருந்தார். இவருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். இவர் நடையைக் கூட்டினார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். இவருக்கு முட்டி வலி உண்டு. எனக்கு இல்லை.